ஆற்றுப் பறவைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

1

சபைப் பத்திரிகை ஆசிரியரின் கடிதம் இரண்டு வாரத்துக்கு முன் வந்தது. கப்பல் தபால் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஊரிலிருந்து எனக்கு வந்த மூன்றாவது கடிதம் அது. யுத்தத்துக்கு முன் மலாய் நாட்டு ஆற்றுப் பறவைகளைப் பற்றி நான் எழுதிவந்த குறிப்புகளை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சிலர் இன்னும் விசாரிக்கிறார்களாம். சண்டைதான் ஓய்ந்துவிட்டதே, பறவைகளும் திரும்பி வந்திருக்குமே, பழையபடி எழுதக்கூடாதா என்று கேட்டிருந்தார்.

பறவைகள் எங்கும் போகவில்லை, ஐயா. குண்டு விழுந்த வாரத்திலும் எங்கள் ஆற்றில் கொக்கு மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு வெள்ளைக்காரனும் ஒன்றுதான், சப்பான்காரனும் ஒன்றுதான். போனவர்கள் மனிதர்கள்.

அந்தப் பழைய குறிப்புகளில் ஒரு மோசடி இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவை என் பெயரில் வந்தன. பார்த்ததெல்லாம் என் மச்சினன் சாமுவேல். இங்கே ஆற்றில் ஓடும் சின்ன மரப்படகுக்குச் சம்பான் என்று பெயர். நான் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவேன், அவன் முன்பலகையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வான். நான் மூக்குக் கண்ணாடிக்காரன், எட்ட இருப்பதெல்லாம் எனக்குக் கொக்குதான். அது வக்கா, அது சாம்பல் நாரை, அது வெறும் மரக்கட்டை என்று அவன் சொல்லச் சொல்ல, வீட்டுக்கு வந்து நான் இலக்கணமாக எழுதி அனுப்புவேன். ஆசிரியர் என் கண்ணைப் புகழ்ந்து ஒரு தடவை எழுதியிருந்தார். சாமுவேல் அதை வாசித்துவிட்டு ஒரு வாரம் என்னை விடாமல் கேலி செய்தான்.

சாமு இப்போது இல்லை. சப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கூட்டிப்போன ஆட்களோடு போனான், திரும்பவில்லை. இது வன்னியம்பட்டியில் இருக்கும் என் மாமனாருக்கும் எழுதியாகிவிட்டது. எழுதாதது ஒன்று இருக்கிறது. சாமுவின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதியது நான். சப்பான்காரன் கை காட்டி இழுத்துப்போனான் என்று என் மனைவி ரஞ்சிதத்திடம் சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அவள் கையால் சாப்பிட்டேன்.

2

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்தவன். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எனக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் ஒன்றுதான். மலாய்க்கு வந்து ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாகி, ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதி ஆறு வருஷம் கழித்து, கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். வன்னியம்பட்டியில் பெண் எடுத்தேன். ஆனியில் கல்யாணம், தை வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

மாமனார் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று முறை வைப்பது எல்லாம் அவர்தான். மடையில் சேரும் பாசியை எடுக்கப் பனைமரத்தைக் குடைந்து ஒரு தோணி வைத்திருந்தார். ஓர் ஆள் கால் நீட்டி உட்கார்ந்து போகலாம், இரண்டு ஆள் என்றால் மூச்சை அளந்து விட வேண்டும். கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததும் அதில் என்னை ஏற்றிக்கொண்டு சாமு போனான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். முக்குளிப்பான் ஒன்று முங்கியது, எங்கே எழும் என்று பார்க்க நான் திரும்பினேன், தோணி கவிழ்ந்தது. புதுமாப்பிள்ளை வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு கரையேறியதை ஊரே பார்த்தது. முக்குளிப்பான் எங்கே எழுந்தது என்பது இன்றுவரை தெரியாது.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும். நத்தைகுத்தி, பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் ஒரே மரத்தில் மாடிவீடு மாதிரி குடியிருக்கும். அந்த மரங்களுக்கடியில் எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்த வயல் கருகருவென்று வளரும், வேறு எரு வேண்டாம். அதனால் அங்கே யாரும் கல்லெறிவதில்லை. ராஜபாளையத்திலிருந்து துப்பாக்கியோடு வாத்து சுட வந்தவர்களை என் மாமனார் மோர் கொடுத்து உட்காரவைத்து, நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பியதை நான் கண்டேன்.

அங்கே கண்ட இன்னொன்றைத்தான் இங்கே சொல்ல வேண்டும். மழைக்கு முன்பு, புரட்டாசியில், கண்மாய்க் கரையைப் பலப்படுத்தும் வேலை. தமுக்கு அடிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டியோ கூடையோ எடுத்துக்கொண்டு வர வேண்டும். கூலி கிடையாது, வராத வீட்டுக்குத் தண்ணீர் முறை பின்னால் போய்விடும். ஆனால் முதல் பெயராக நீர்பாய்ச்சி வீட்டைத்தான் கூப்பிடுவார்கள். முறை வைக்கிறவன் வீடு முதலில் வந்தால் மற்றவன் வாயை மூடிக்கொண்டு வருவான். கிராணி வேலை பார்ப்பவனுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. கணக்கு எழுதுகிறவன் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

3

யுத்தம் வருவதற்கு நாலு வருஷம் முன்பு சாமு இங்கே வந்தான். ரஞ்சிதம் கேட்டாள், நான் தோட்டத்தில் சொல்லி ஏற்பாடு செய்தேன். நாகப்பட்டினத்து முகாமில் கண், நாக்கு, முதுகு எல்லாம் பார்த்து, பினாங்கில் மறுபடியும் ஒரு தீவில் அடைத்துவைத்துப் பார்த்து, ஒரு மாதம் கழித்து விட்டார்கள். வந்து இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது. சம்பளம் எவ்வளவு என்று இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டான்.

பால் வெட்டு வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பிறகு சம்பான்தான். எங்கள் தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவே ஆறு கண்டல் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது. கடல் நீர் இறங்கும்போது அதோடு இறங்கி, ஏறும்போது அதோடு ஏறினால் தோள் வலிக்காது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று எங்களை அதட்டிவிட்டுப் போகும். ஆள் நீளத்துக்கு உடும்பு தண்ணீரில் நீந்தும். முதலை என்று நான் அலறிய நாளை சாமு யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. நம் ஊரில் கருடன் ஒன்று வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். இங்கே முகத்துவாரத்தில் நாற்பது கருடன் மீன்குடலுக்குச் சண்டை போடும். மாரிக்காலத்தில் வடக்கேயிருந்து உள்ளான் குருவிகள் வந்து சேற்றில் இறங்கும்போது மட்டும் சாமு பேச்சை நிறுத்திவிடுவான். அதே குருவிகள் ஐப்பசியில் வன்னியம்பட்டிக் கண்மாய்க்கும் வரும். போன வருஷம் அங்கே வந்ததுதான் இந்த வருஷம் வழிதவறி இங்கே வந்திருக்கிறது என்று அவன் சாதிப்பான். நான் மறுத்தால் கோபித்துக்கொள்வான்.

என் மகள் எஸ்தர் இங்கேயே பிறந்தவள். அவளுக்கு மீன்கொத்தி 'ராஜா ஊடாங்', அதாவது இறால் ராஜா. கொக்கு 'பாங்காவ்'. கண்மாய் என்றால் என்ன என்று பலமுறை சொல்லிவிட்டேன், அதற்குள் கடல் நீர் வருமா என்று கேட்கிறாள். சப்பான்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பாஷையில் எண்ணப் பழகிவிட்டாள். சாமு போன பிறகு ஒருநாள் ஆற்றங்கரையில் நின்று நாரைகளை 'இச்சி, நீ, சான்' என்று அவள் எண்ண, ரஞ்சிதம் அவள் வாயைப் பொத்தி வீட்டுக்கு இழுத்துப்போனாள். குழந்தை என்ன செய்யும், அவளுக்குத் தெரிந்த எண் அதுதான்.

அரிசி அற்றுப்போய் மரவள்ளிக்கிழங்கில் உயிர் வளர்த்த காலம் அது. கண்டல் காட்டில் வக்காக்கள் கூடு கட்டியிருந்தன. முட்டை எடுத்துவரலாம் என்றேன். சாமு துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் படகை நிறுத்திவிட்டான்.

“முட்டையில கை வச்சா கண்மா நெறையாது அத்தான்,” என்றான்.

“ஏலே, இங்க ஏதுலே கண்மா? ஆறு இது. கடல் இருக்குமட்டும் நெறஞ்சுதாம்லே கெடக்கும்.”

“இருக்கட்டும். அங்க ஒண்ணு கெடக்குல்லா.”

அன்றைக்கும் கிழங்குதான் தின்றோம்.

4

சப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் தோட்டத்துக்கு உத்தரவு வந்தது. முப்பது ஆள், மூன்று மாதம், சயாமில் வேலை, அரிசியும் துணியும் கூலியும் உண்டு. யாரை அனுப்புவது என்பதைக் கிராணி எழுதித் தர வேண்டும். கிராணி வீடு, ஆஸ்பத்திரி வீடு இரண்டுக்கும் விலக்கு.

மூன்று மாதம் என்பதை நான் நம்பினேன். நம்பாதவர்களும் இருந்தார்கள். காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் முப்பது பெயரை வாசித்தால் ஒருவரும் வரமாட்டார்கள், காட்டுக்குள் ஓடுவார்கள், சப்பான்காரன் மீதிப்பேரை அடிப்பான் என்று பயந்தேன். கூலிக்காரர் வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர், லயத்துக்கு லயம் வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிரித்தேன். பிரித்தபோது வன்னியம்பட்டிக் கரைவேலை நினைவுக்கு வந்தது. முறை வைக்கிறவன் வீடு முதலில் நின்றால் மற்ற வீடுகள் முணுமுணுக்காது. விலக்கு இருந்தும் என் வீட்டுப் பெயரை முதலில் எழுதினேன். சாமுவேல், வயது இருபத்தேழு. பக்கத்தில், 'கிராணி வீட்டிலிருந்து' என்று இங்கிலீஷில் ஒரு குறிப்பும் போட்டேன். அதை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நினைத்தபடியே நடந்தது. கிராணி மச்சினனே போகிறான் என்றதும் இருபத்தொன்பது பேரும் லாரியில் ஏறினார்கள்.

சாமுவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவன் சம்மதித்தான், அக்காளிடம் சொல்ல வேண்டாம் என்று அவனேதான் சொன்னான். லாரியில் உட்கார்ந்து, ஆற்றில் புதுசாக ஏதாவது வந்தால் தேதி போட்டு எழுதிவைக்கச் சொன்னான். தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் ஐந்து பேர், அவர்களும் வேறு முகாமில் இருந்தவர்கள்.

சாமுவின் முகாமிலிருந்து வந்த ஒருவரைப் பக்கத்துத் தோட்டத்தில் கண்டுபிடித்தேன். ராஜபாளையத்துக்காரர், தெலுங்கு பேசுகிறவர், காலில் புண் ஆறாமல் படுத்திருந்தார். நம் பக்கத்து ஆள் என்று சாமு அவரோடு ஒட்டிக்கொண்டானாம். அங்கேயும் ஓர் ஆறு இருந்ததாம். வேலை முடிந்து எல்லாரும் விழுந்து கிடக்கும்போது சாமு மட்டும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பானாம். மழையில் வாந்திபேதி வந்து இரண்டே நாளில் முடிந்தது. குழியை அவரும் சேர்ந்து வெட்டினார். இதைச் சொல்லிவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று என்னைக் கேட்டார், படுக்கையில் கிடந்த மனிதர்.

5

காணாமற்போனவர்களைப் பதிவு செய்யச் சர்க்கார் ஆபீஸ் ஒன்று முகத்துவாரத்து ஊரில் திறந்திருக்கிறார்கள். இரத்த சம்பந்தமுள்ளவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எனவே போன மாதம் ரஞ்சிதத்தைச் சம்பானில் ஏற்றிக்கொண்டு போனேன். பாதை மழையில் அறுந்திருந்தது, வேறு வழியில்லை. எஸ்தரைப் பக்கத்து வீட்டில் விட்டோம்.

ரஞ்சிதம் முன்பலகையில் உட்கார்ந்தாள். தம்பி போன பிறகு அவள் ஆற்றுப் பக்கம் வந்ததில்லை. கொஞ்ச தூரம் தலை குனிந்தே இருந்தாள். பிறகு ஒரு நாரையைக் கையால் காட்டி, இதுதான் அவன் சொல்கிற சாம்பல் நாரையா என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். உண்மையில் எனக்கு நிச்சயமில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். முகத்துவாரத்தில் உள்ளான் குருவிகள் இறங்கியிருந்தன. அவற்றை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளுக்கே தெரிந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன். இப்படியே திரும்பிவிடலாமா என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது.

ஆபீஸில் மூன்று படிவம். பெயர், தகப்பன் பெயர், கப்பல் சீட்டு நம்பர். இறந்தாரா, காணாமற்போனாரா என்று ஒரு கட்டம். இறந்தார் என்றால் சான்று எங்கே என்று கேட்டார்கள், ராஜபாளையத்துக்காரர் கையெழுத்திட்ட காகிதத்தைக் கொடுத்தேன். அவர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டிருந்தார், செல்லுமா என்று உள்ளே போய்க் கேட்டுவந்தார்கள். அடுத்த கட்டம், தானாகப் போனாரா, கட்டாயப்படுத்தப்பட்டாரா என்பது. நான் கட்டாயம் என்று எழுதியிருந்தேன்.

அங்கே மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர், நல்ல பையன். சரிபார்க்கிறேன் என்று அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டு எடுத்துவந்தார். சப்பான்காரன் விட்டுப்போன காகிதங்கள். ஆளை மண்ணில் போட்டவர்கள் காகிதத்தை நூல் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பட்டியலைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரரை மாதிரி ஒரு கிராணியை நான் கேள்விப்பட்டதில்லை. அவர் வீட்டுக்கு விலக்கு இருந்திருக்கு. இருந்தும் தன் வீட்டு ஆளையே முதல் பேரா எழுதிக் கொடுத்திருக்கார். இதோ, அவர் கையெழுத்து.”

பட்டியலைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். ரஞ்சிதம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், என் எழுத்தைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவள். முதல் வரியில் விரலை வைத்து மெல்ல வாசித்தாள். அந்த இங்கிலீஷ் குறிப்பையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு படிவத்தில் 'கட்டாயம்' என்று நான் எழுதியதை ஒரு தடவை பார்த்துவிட்டு, மூன்றிலும் கையெழுத்துப் போட்டாள்.

6

நீர் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டிவந்த மரவள்ளி அடையை அவள் பிரிக்கவில்லை. படகில் ஏறி, இந்தத் தடவை எனக்கு முதுகு காட்டாமல் என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். எனக்குத் துடுப்பு ஓடவில்லை. வெயில் சாய்ந்து வக்காக்கள் கண்டல் காட்டிலிருந்து ஒன்றொன்றாகக் கிளம்பின. அவள் ஒன்றையும் கேட்கவில்லை.

பாதி வழியில் நானே சொல்லத் தொடங்கினேன். கரைவேலை முறையை நினைத்துச் செய்தேன், முதல் வீடு நம் வீடாக இருக்கட்டும் என்று செய்தேன், மூன்று மாதம் என்று நம்பினேன் என்று என்னவெல்லாமோ சொன்னேன். முழுவதையும் கேட்டாள்.

“எங்கப்பா கரை வேலைக்கு எங்களையா மொதல்ல அனுப்புனாரு? மொதக் கூடைய அவருல்லா தூக்குவாரு. நீங்களும் பாத்தியளே,” என்றாள். பிறகு, “அவன் பேர எழுதுனிய, சரி. ஒங்க பேர ஏன் எழுதல?” என்றாள்.

பார்த்திருக்கிறேன். மாமனார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அறுபது வயதில், முதல் கூடை மண்ணைக் கரையில் கொட்டியதை இந்தக் கண்ணாடி போட்ட கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலை எழுதிய காலையில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள் என்று எண்ணியபோது என்னை நான் அந்த வீட்டில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. எஸ்தர் சின்னப் பிள்ளை என்று வாய்க்குள் ஏதோ சொன்னேன்.

“எஸ்தருக்கு அப்பா வேணுந்தான். எங்கப்பாவுக்கு மவன் வேண்டாமா?”

அதற்குப் பிறகு அவள் அழுதாள். மூன்று வருஷத்தில் சத்தம் போட்டு அழுதது அன்றுதான். நான் படகைத் தண்ணீர் போக்கில் விட்டுவிட்டேன், அதுவாக வந்து தோட்டத்துத் துறையில் முட்டியது. இறங்கும்போது, இதை அப்பாவுக்கு நான் எழுதமாட்டேன், நீங்கள்தான் எழுத வேண்டும் என்றாள். வீட்டில் இப்போது எனக்குச் சாப்பாடு வைக்கிறாள், வேண்டியதற்குப் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் இல்லை.

மாமாவுக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். 'பிதாவின் ஸ்தானத்திலுள்ள மாமா அவர்களுக்கு' என்று எழுதி, அதற்கு மேல் கை வரவில்லை. பிறகுதான் ஆசிரியரின் கடிதம் வந்தது. இந்தப் பத்திரிகை வன்னியம்பட்டிக்கும் போகிறது என்று தெரியும். மாமாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டதாம், யாராவது வாசித்துக் காட்டுவார்கள். வாசிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொக்கையும் நாரையையும் பற்றி மேலே எழுதியிருப்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இதை மட்டும் நிறுத்தி வாசியுங்கள். மாமா, சாமுவின் பெயரை எழுதியது நான். அந்த இடத்தில் என் பெயரை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.